அவசர உதவி: ரத்தக்காட்டேரி ஆகிவிட்டேன், மந்திரவாதி குணப்படுத்த மறுக்கிறார்

திற்பரப்பு_அருவி | சனி, இரவு 9.40

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறேன். என் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. பகலில் வெளியே போனால் இழந்த உடல்வலு திரும்ப ஏறுவதே இல்லை. நோய் தீர்க்கும் மருந்தை நான்கு குப்பி குடித்தேன், கோயிலில் வேண்டினேன், பலிக்கவில்லை. மந்திரவாதி கல் கொண்டுவரச் சொன்னார். கல் கையில் இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், சடங்கைத் தொடங்கவில்லை. அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன், மீண்டும் முதலிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் தேர்வு வேறு. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

முட்டம்_கலங்கரை | 9.52

தம்பி, எந்த ஆட்டம் என்று சொல்லவில்லையே. 1994-இல் அரீனா, 1996-இல் டாகர்ஃபால், 2002-இல் மாரோவிண்ட், 2006-இல் ஆப்லிவியன், 2011-இல் ஸ்கைரிம் என்று முதன்மை ஆட்டங்களே ஐந்து. ஒவ்வொன்றிலும் காட்டேரி நோய்க்கு ஒவ்வொரு விதி. கணினியா, பிளேஸ்டேஷனா? மாட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்பு) ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

ஆரல்வாய்க்காற்று | 9.58

மாட் பற்றியெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்று கேட்கிறேன்: ஆட்டம் சேவ் (பதிவு) ஆகும்போது மின்சாரம் போனதா? போன மாதம் மழைக்காற்றில் எங்கள் தெருவில் ஒரே மாலையில் ஆறு முறை மின்சாரம் போனது. அதற்குப் பிறகு என் ஆட்டத்தில் ஒரு கடைக்காரர் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் பழைய சேவ் பதிவைத் திறந்தபோது பேசினார். தானாக ஆகும் சேவ் பதிவை நம்பக் கூடாது, கையால் தனியாக ஒரு சேவ் எடுத்துக்கொண்டே வர வேண்டும். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன். பழைய சேவ் பதிவைத் திறந்து பாருங்கள்.

குளச்சல்_கடலோடி | 10.05

கல் கேட்டார் என்றால் ஆப்லிவியன்தான், சந்தேகமே வேண்டாம். நான் இதை மூன்று முறை முடித்திருக்கிறேன். ஸ்கின்கிராட் கோட்டையின் பிரபு ஜேனஸ் ஹாசில்டோர் தாமே காட்டேரி. அவர் மனைவியும் அதே நோயில் நினைவிழந்து கிடக்கிறாள். அவளுக்காகத்தான் அவர் மருந்து தேடுகிறார். அவர் சொல்லி டிரேக்லோவில் இருக்கும் மெலிசாண்ட் என்ற சூனியக்காரியிடம் போக வேண்டும். அவள் முதலில் ஐந்து கிராண்ட் சோல் ஜெம், அதாவது உயிரை அடைத்துவைக்கும் கல், கேட்பாள். ஐந்தும் காலியாக இருக்க வேண்டும், உள்ளே உயிர் இருக்கக் கூடாது. பிறகு பூண்டு, நைட்ஷேட், பிளட்கிராஸ் என்ற செடிகள், ஓர் ஆர்கோனியனின் (பல்லி மனிதனின்) ரத்தம், வலிய காட்டேரி ஒருவனின் சாம்பல் எல்லாம் சேர்க்க வேண்டும். இவற்றில் பிளட்கிராஸ்தான் பாடுபடுத்தும், அரக்கர் உலகத்துக்குத் திறக்கும் ஆப்லிவியன் வாயிலுக்கு உள்ளே போய்ப் பறித்துவர வேண்டும். தம்பி ஒரே ஒரு கல்லோடு போயிருப்பார். அதனால்தான் அவள் அசையவில்லை.

முட்டம்_கலங்கரை | 10.09

அவர் மந்திரவாதி என்று ஆண்பாலில் எழுதியிருக்கிறார். மெலிசாண்ட் பெண். தம்பி வந்து சொல்லட்டும்.

கோட்டாறு_பழையவன் | 10.21

கேள்வியைக் கவனித்துப் படிக்கும் பழக்கம் இங்கே குறைந்துவிட்டது. பகலில் உடல்வலு ஏறவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார், வெயில் சுட்டது என்று எழுதவில்லை. ஆப்லிவியனில் பசி முற்றிய காட்டேரியை வெயில் எரிக்கும். மாரோவிண்டிலும் எரிக்கும். வெயிலில் உயிர், மாயவலு, உடல்வலு மூன்றும் மீளாமல் நின்றுபோவது ஸ்கைரிமில்தான். அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. மந்திரவாதி என்பவர் மார்த்தல் ஊரின் பேலியன்.

இனிப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கைரிமில் காட்டேரியாக்கும் நோயான சாங்குவினாரே வாம்பிரிஸ் தொற்றியதும் திரையில் செய்தி வரும். அதிலிருந்து ஆட்டக் கணக்கில் 72 மணி நேரம். அதற்குள் மருந்து குடித்தாலும் சன்னிதியில் வேண்டினாலும் தீரும், ஒரு பருந்து இறகைத் தின்றாலே போதும். கெடு கடந்தால் இவை எதுவும் பலிக்காது. செய்தியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் இந்த நிலை வருகிறது. நான் 2011 முதல் ஆடுகிறேன், ஒரு முறைகூட எனக்கு இது நேர்ந்ததில்லை.

எளிய வழி ஒன்று உண்டு. வொயிட்ரன் நகரில் கம்பானியன்ஸ் என்ற வீரர் கூட்டத்தில் சேர்ந்து, ஓநாய் மனிதனாக்கும் ஓநாய் ரத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். காட்டேரித்தனம் அதோடு போய்விடும். கல்லும் வேண்டாம், பேலியனும் வேண்டாம்.

தேன்கூடு_மார்த்தாண்டம் | 10.30

ஒரு நோயைத் தீர்க்க இன்னொரு சாபத்தை வாங்கச் சொல்வது சரியா? ஓநாய் ரத்தம் ஏறினால் தூங்கி எழும்போது கிடைக்கும் பலனும் போய்விடும். தம்பி கம்பானியன்ஸ் கதையை ஏற்கெனவே முடித்திருந்தால் அந்த வழி கைகொடுக்காமலும் போகலாம்.

தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி: உங்கள் கையில் இருக்கும் கல்லின் பெயர் என்ன? பையைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே இங்கே எழுதுங்கள்.

நீர்நாய்_பேச்சிப்பாறை | 10.41

உதவி கேட்ட இழையில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். காட்டேரி என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்து நீலிதான் நினைவுக்கு வருகிறாள். ஆட்டத்தின் கதைப்படி முதல் காட்டேரி லாமே என்ற பெண். ஆர்கே தெய்வத்தின் பூசாரி. மோலாக் பால் என்ற தீய தெய்வம் அவளைச் சீரழித்துச் சாகவிட்டான். சிதையில் தீ வைத்தபோது எழுந்துவந்தாள். நீலியும் அப்படித்தானே? நம்பியவனே நகைக்கு ஆசைப்பட்டு அவளைக் கொன்றான். கள்ளியே சாட்சி என்று சொல்லிச் செத்தவள், பிறகு அந்தக் கள்ளிக்கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழிவாங்க வந்தாள். சிறுவயதில் கொடை விழாவில் விடியவிடிய வில்லுப்பாட்டில் கேட்டது. மார்த்தல் சதுப்பில் இரவில் நடக்கும்போது நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காடுதான் எனக்குத் தோன்றும். லாமே, ஆட்டம் நடக்கும் தாமிரியல் நாட்டின் இசக்கி என்றே சொல்வேன்.

ஆரல்வாய்க்காற்று | 10.50

அண்ணன், அந்தக் கடைசி வரியை ஏற்க முடியாது. முப்பந்தல் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். என் தாத்தா லாரி ஓட்டியவர். இசக்கியம்மன் கோயிலின் முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் ஒருநாளும் தாண்டியதில்லை. என் அம்மா பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டியது அவள் சன்னிதியில்தான். அப்படிப் பிறந்தவன் நான். ரத்தம் குடிக்கும் நோயாளியோடு அவளைச் சேர்க்காதீர்கள்.

நீர்நாய்_பேச்சிப்பாறை | 10.58

நானும் கும்பிடுகிறவன்தான் தம்பி, இழிவாகச் சொல்லவில்லை. இயக்கி என்ற சொல்தான் இசக்கி ஆனது என்கிறார்கள். சிதறால் மலையில் சமணர் செதுக்கிய இயக்கியைப் போய்ப் பாருங்கள். பின்னால் அதே இடத்தில் பகவதியாக வழிபடுகிறோம். அஞ்சப்பட்டவள் தெய்வமாவது நம் மண்ணில் புதிதல்ல.

கோட்டாறு_பழையவன் | 11.04

இரண்டு பேரும் அடிப்படையைத் தவறவிட்டீர்கள். காட்டேரி என்பது தொற்று. லாமேயிடமிருந்து ஒருவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று பரவும். ஆப்லிவியனில் அதற்குப் போர்ஃபிரிக் ஹீமோஃபீலியா என்று நோயின் பெயரே உண்டு. நீலி யாருக்கும் எதையும் தொற்றவைக்கவில்லை. தன்னைக் கொன்றவனிடம் கணக்குக் கேட்டாள், அவ்வளவுதான். இந்த ஒப்பீடு நிற்காது.

ஆரல்வாய்க்காற்று | 11.07

பழையவன் சொன்ன இதை முழுமனதோடு ஏற்கிறேன்.

குளச்சல்_கடலோடி | 11.10

மாரோவிண்டில் காட்டேரி ஆனால் ஊரில் பெரும்பாலானோர் உங்களோடு பேசவே மாட்டார்கள். தீர்வுக்கும் அந்த மோலாக் பாலிடமே போய் நிற்க வேண்டும். கெடுத்தவனிடமே மருந்து கேட்கும் அந்தக் கதைக்கு இணையாக இந்தத் தொடரில் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

நெறியாளர் | 11.15

நீலி, இசக்கி பற்றிய பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே தொடருங்கள். இங்கே தம்பியின் சிக்கல் மட்டும்.

திற்பரப்பு_அருவி | 11.32

மன்னிக்கவும், சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஸ்கைரிம்தான், பழையவன் அண்ணன் சொன்னது சரி. பிளேஸ்டேஷன் 4. மாட் எதுவும் இல்லை. ஊர் மார்த்தல். மந்திரவாதி பேலியன். மின்சாரம் இன்று போகவில்லை. ஓநாய் ரத்தத்தை முன்பே வாங்கி, பிறகு அதையும் தீர்த்துக்கொண்டேன்.

நோய் வந்தது மொவார்த் குகையில் என்று நினைக்கிறேன். மார்த்தலில் வீடு எரிந்து செத்த அந்தச் சின்னப் பெண்ணின் ஆவி கண்ணாமூச்சி விளையாடக் கூப்பிட்டதே, அந்தக் கதையைத் தொடர்ந்து போனேன். அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற வேகத்தில் திரையில் வந்த செய்தியைப் படிக்கவில்லை.

கல்லின் பெயர்: பிளாக் சோல் ஜெம், கறுப்புக் கல். பேலியனிடமே காசு கொடுத்து வாங்கினேன். கொல்லங்கோட்டில் இருக்கும் என் பெரியப்பா மகன், கல் காலியாகத்தான் இருக்க வேண்டும், தான் அப்படித்தான் முடித்ததாகச் சொன்னார்.

தேன்கூடு_மார்த்தாண்டம் | 11.40

கிடைத்துவிட்டது. உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை, அவர் ஆடியது ஆப்லிவியன். கடலோடி மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள்: மெலிசாண்டுக்குக் காலிக் கல் ஐந்து. பேலியனுக்கு நிறைந்த கறுப்புக் கல் ஒன்று. ஐந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஆட்டங்கள், விதி நேர்மாறு. நிறைந்த கல் வேண்டும் என்று பேலியனே முதல் பேச்சில் சொல்லிவிடுகிறார். பேச்சைப் பொத்தான் அழுத்தித் தாண்டினால் அது காதில் விழாது.

இனிச் செய்ய வேண்டியது: சாகிறவனின் உயிரைக் கல்லில் அடைக்கும் சோல் டிராப் மந்திரம் கற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மந்திர நூல் விற்கிறவர்களிடம் கேளுங்கள், பேலியனிடமும் விசாரித்துப் பாருங்கள். வொயிட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் முகாமில் கொள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவன்மேல் மந்திரத்தைப் போட்டு, அது நிற்கும் 60 நொடிக்குள் அவனைக் கொல்லுங்கள். அவன் உயிர் கறுப்புக் கல்லுக்குள் போய்விடும். மனித உயிரை மற்றக் கற்கள் ஏற்காது, ஆகவே அது தவறிப்போய் வேறு கல்லில் அடைபடும் என்ற கவலை வேண்டாம். ஓநாய், கரடி, கல்லறையில் எழுந்துவரும் டிராகர் எதையும் இதற்குக் கொல்லாதீர்கள், அவற்றின் உயிர் வேறு வகை. பகலில் போகாதீர்கள், வலு இறங்கியிருக்கும்.

நிறைந்த கல்லோடு பேலியனிடம் பேசினால் விடியலில் சதுப்பில் இருக்கும் சடங்கு வட்டத்துக்கு வரச் சொல்வார். அவர் பின்னாலேயே நடந்து போங்கள். வட்டத்தில் நிற்கும்வரை வேறு வேலை வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்த்தல் மக்கள் பேலியனைச் சூனியக்காரன் என்று சந்தேகிக்கிறார்கள். அந்த ஊரில் உண்மையான காட்டேரி ஆல்வா, எல்லாரும் சிரித்துப் பேசும் பெண். நோயைத் தீர்க்கத் தெரிந்த ஒரே மனிதனைத்தான் ஊர் ஒதுக்கிவைத்திருக்கிறது. ஓர் அனாதைப் பெண்பிள்ளையை எடுத்து வளர்க்கிறார் அவர். அவருடைய பேச்சைத் தாண்டாமல் கேளுங்கள் தம்பி.

கோட்டாறு_பழையவன் | 11.47

கல் காலியா என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அக்கா சொன்ன வழி சரி. முகாமுக்கு உள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது. அங்கே இரும்பை வெள்ளியாகவும் வெள்ளியைப் பொன்னாகவும் மாற்றும் டிரான்ஸ்மியூட் மந்திரநூல் கிடைக்கும். போன கையோடு அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்க்காற்று | 11.50

போவதற்கு முன் தனி சேவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

திற்பரப்பு_அருவி | ஞாயிறு, காலை 7.15

தீர்ந்துவிட்டது. முதலில் டிராகர் ஒன்றைக் கொன்று பார்த்துவிட்டேன், அதன் பிறகுதான் அக்கா எழுதியதை முழுவதும் படித்தேன். பிறகு கொள்ளைக்காரன். சேவும் எடுத்தேன். அனைவருக்கும் நன்றி. படிக்கப் போகிறேன்.

கருங்கல்_கல்வெட்டு | ஞாயிறு, மாலை 4.20

எனக்கும் இதே சிக்கல். நிறைந்த கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தும் மெலிசாண்ட் வாங்க மாட்டேன் என்கிறாள். 2025-இல் வந்த ஆப்லிவியன் மறுபதிப்பு.

குளச்சல்_கடலோடி | 4.31

தம்பி, மேலே என் முதல் பதிலைப் படியுங்கள். ஐந்து, ஐந்தும் காலி.