நிறை: கிலோகிராமா, நியூட்டனா?

டொராண்டோ, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வகுப்பில் பாதி தமிழ்நாட்டுப் பிள்ளைகள், பாதி ஈழத்துப் பிள்ளைகள். 10 கிலோ அரிசிப் பையைக் காட்டி "இதன் நிறை என்ன?" என்றேன். ஒருத்தி 10 கிலோகிராம் என்றாள். பக்கத்தில் இருந்தவன் 98 நியூட்டன் என்றான். இரண்டுமே சரி! தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ் (பொருளின் அளவு, கிலோகிராமில்) என்பது நிறை, வெயிட் (அதை ஈர்ப்பு இழுக்கும் விசை, நியூட்டனில்) என்பது எடை. இலங்கையில் மாஸ் திணிவு, வெயிட்தான் நிறை. இருவருக்கும் பொதுவாக என்ன சொல்லலாம்?

யாழ்ப்பாணம்:

நிறுத்து அறிவது நிறை. "அளவிற்கும் நிறையிற்கும்" என்று தொல்காப்பியர் முகத்தலையும் நிறுத்தலையும் அன்றே பிரித்துவிட்டார். திணிவுக்கும் புறநானூற்றில் வேர் உண்டு: "மண் திணிந்த நிலனும்". பொருள் எவ்வளவு திணிந்திருக்கிறதோ அது திணிவு. இலங்கை வழக்கே பொருத்தம்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

ஐயா, நிறுப்பது எதனால்? நிறைகோலால். தட்டுத் தராசை நிலவுக்குக் கொண்டுபோனாலும் இந்த அரிசிக்கு அதே 10 கிலோ படிக்கல்தான் சமமாக நிற்கும். ஈர்ப்பு இரண்டு தட்டையும் ஒன்றுபோல இழுக்கிறது. ஆக, நிறைகோல் சொல்வது மாஸைத்தான். சுருள்வில் தராசில் தொங்கவிட்டால் இங்கே 98 நியூட்டன், அங்கே சுமார் 16. எடை என்ற சொல்லோ 'எடு' என்பதிலிருந்து வந்தது. தூக்குகிற கைக்குத் தெரிகிற விசை அது. தொல்காப்பியர் என் பக்கம்தான் நிற்கிறார்.

அப்புறம், திணிவு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அடர்த்திதான் நினைவுக்கு வரும். ஒரு கிலோ பஞ்சுக்கும் ஒரு கிலோ இரும்புக்கும் திணிவு ஒன்றே என்றால் எந்தப் பிள்ளை ஏற்கும்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

சண்டையே வேண்டாம், 'பொருண்மை' என்று வைப்போம்.

யாழ்ப்பாணம்:

பொருண்மையியல் என்பது மொழியியலில் சொற்பொருளை ஆராயும் துறை. அதை ஏன் தராசில் ஏற்ற வேண்டும்?

மதுரை:

பேசாமல் மாஸ் என்றே எழுதுங்கள். புரிந்தால் போதாதா?

திருநெல்வேலி:

போதாது. மாஸ் என்றால் பையன்கள் கதாநாயகன் திரையில் நுழையும் காட்சியை நினைக்கிறார்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்.

சிங்கப்பூர்:

இலங்கைச் சொற்கள் எல்லாமே கடினம் என்று நினைத்துவிட வேண்டாம். வேகம் கூடும் முடுக்கத்துக்கு அவர்கள் வைத்த ஆர்முடுகல், வேகம் குறைந்தால் அமர்முடுகல்: எவ்வளவு அழகான சோடி! நாம் 'எதிர்முடுக்கம்' என்று முடித்துக்கொண்டோம். முடுகு பழைய சொல். தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது பாட்டின் சந்த வகைகளில், கடைசி முடுகு வண்ணம். திருப்புகழ் பாடுபவர்களைக் கேளுங்கள், முடுகில் நாக்கு எப்படி ஓடுகிறது என்று சொல்வார்கள்.

டொராண்டோ:

அருமை. ஆனால் நாளை மறுநாள் வெள்ளி. என் யோசனை இது. தகராறுள்ள நிறையை இந்தத் தாளில் எங்குமே எழுத வேண்டாம். மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு 'எடைவிசை'. எடையாகிய விசை, இருபெயரொட்டுப் பண்புத்தொகை. விசை என்று சொல்லிலேயே இருப்பதால் நியூட்டனில் எழுத வேண்டும் என்பது பிள்ளைக்கு மறக்காது.

திருநெல்வேலி:

எடையே விசைதானே? கூறியது கூறலாகப் படுகிறது. ஆனாலும் கடையில் "எடை 10 கிலோ" என்று எழுதிவைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தை இந்தச் சொல் அறுக்கும். சரி, இருக்கட்டும். திணிவின் முதல் பயன்பாட்டில் மட்டும் பஞ்சு-இரும்பு கணக்கு ஒன்றைச் சேருங்கள்.

கோவை:

எனக்கும் சம்மதம். இனி எழுத நேரமில்லை.

யாழ்ப்பாணம்:

எனக்குச் சம்மதமில்லை. சந்தையில் நாங்கள் இன்றும் நிறுத்துத்தான் வாங்குகிறோம். பிள்ளைகளின் தாளில் நிறை என்ற சொல்லே இல்லாமற் போவதை என்னால் ஏற்க முடியாது. அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

டொராண்டோ:

அடைப்புக்குள் போட்டால் பழைய குழப்பம் அப்படியே திரும்பி வருமே, ஐயா. திணிவு, எடைவிசை என்றே அனுப்புகிறேன். இன்னொன்று: ஏழாம் வினாவில் 'வேகம்' என்று எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அதற்குத் திசை கிடையாது, இலங்கையில் உண்டு. திசை உள்ளதைத் திசைவேகம், இல்லாததைக் கதி என்று பிரித்து எழுதினால் இரு பக்கத்துக்கும் புரியுமா? இன்றிரவே சொல்லுங்கள்.