‘தண்ணீர் இதுவரைக்கும் வந்தது’: பேசும்போது அசையும் கைகள்

பேட்டைக்காரன்:

எங்கள் அலுவலகத்தில் பிரம்பு நாற்காலிகள் இன்னும் 11 இருக்கின்றன. பின்னல் அறுந்துபோனால் வண்ணார்பேட்டையிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்து பின்னித் தருவார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சட்டத்தில் உள்ள துளைகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டே போவார். ஒரு துளைகூடத் தப்பாது.

2024 பொங்கல் முடிந்து வந்திருந்தார். முந்தைய டிசம்பர் 17, 18 தேதிகளில் அடித்த வெள்ளம் வடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது ஊரில் யார் வாயைத் திறந்தாலும் தாமிரபரணிதான். அவரும் பிரம்பை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“முதலில் வாசற்படி சில்லிட்டது சார். சரி, மழைத் தண்ணீர் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இங்கே” என்றபோது கை முழங்காலைத் தொட்டது. “அப்புறம் இங்கே” என்று இடுப்புக்கு ஏறியது. “சுழித்துக்கொண்டு போகிறது சார்” என்றவர், குனிந்து தன் கெண்டைக்காலைச் சுற்றி விரல்களை ஒரு வட்டம் ஓட்டினார். சுழலை நாமெல்லாம் காற்றில்தான் வரைந்து காட்டுவோம். அவருக்கு அது காலில் நடந்த விஷயம். அரிசி மூட்டையை மாடிக்குக் கொண்டுபோனதைச் சொல்லும்போது இரண்டு கைகளும் மூட்டையைக் கட்டிப்பிடித்தன, முதுகுகூட வளைந்தது.

எங்கள் அலுவலக உதவியாளர் சும்மா இருக்கக்கூடாதா? “அண்ணாச்சி, பார்க்காமலே எப்படி இப்படிக் கையைக் காட்டிப் பேசுகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார்.

“கையைக் காட்டினேனா?” என்றார். இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். கதையும் அதோடு நின்றுவிட்டது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. டீ வந்து, பாதி டம்ளர் குடித்தபிறகுதான் அந்தக் கைகள் மறுபடி எழுந்தன. மூட்டையும் மாடி ஏறியது.

வெள்ளத்தைப் பற்றி நானும் கை காட்டித்தான் சொல்வேன், சுவர்ப்பக்கம் உள்ளங்கையைத் தூக்கி. “காலையில் நெஞ்சளவு சொன்னீர்கள், சாயங்காலம் கழுத்தளவு ஆகிவிட்டதா?” என்று என் மனைவி கேட்கிறாள். அண்ணாச்சியின் வெள்ளம் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழங்காலளவு, இடுப்பளவு என்று நம் மொழி வைத்திருக்கும் அளவுகோலை அவர் அப்படியே உடம்பில் தொட்டுக் காட்டினார். இதுபோல் வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அம்பை டீச்சர்:

தம்பி, உங்கள் உதவியாளர் கேட்ட கேள்வியையே ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் நாகரிகமாக. ஜனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு பெண்கள் 1998இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே பற்றிப் பாடம் எடுக்கும்போது இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டதும் தண்ணீர்தான்! உயரமான டம்ளரில் இருக்கும் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் அளவு மாறுமா என்று பிறவியிலேயே பார்வையற்ற 12 பிள்ளைகளிடம் கேட்டார்கள். பதில் சொல்லும்போது விரல்கள் டம்ளரைப் பிடித்ததுபோல் வளைந்தன, மணிக்கட்டு ஊற்றுவதுபோல் சாய்ந்தது. பார்வையுள்ள பிள்ளைகளுக்குக் குறையாமல் கையசைத்தார்கள். எதிரே இருப்பவருக்கும் பார்வை இல்லை என்று தெரிந்தே பேசியவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2016இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி. பிறவியிலேயே பார்வையற்றவர்களில் ஆங்கிலம் பேசுவோர் 20 பேர், துருக்கி மொழி பேசுவோர் 20 பேர். ஒருவர் ஓடி வீட்டுக்குள் நுழைவதைச் சொல்ல வேண்டும். ஆங்கிலக்காரர் ஓட்டத்தையும் நுழைவதையும் பெரும்பாலும் ஒரே கையசைவில் சேர்த்துவிடுவார். துருக்கிக்காரர் இரண்டையும் பிரித்துக் காட்டுவார். பார்வையற்றவர்களின் கையும் அவரவர் மொழிக்காரர்களின் கை போலவே போயிற்று. பார்த்துப் பழக வழியில்லாதவர்கள், தம் மொழியைப் பேசியே அந்தக் கைப்பழக்கத்தைப் பெற்றிருக்கிறார்கள். (நாமும் ‘ஓடி’, ‘நுழைந்தான்’ என்று இரண்டாக உடைத்துத்தானே சொல்கிறோம்? இனி உங்கள் கையைக் கவனித்துப் பாருங்கள்.)

சமாதானபுரம்:

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். நீங்கள் எழுதியதையெல்லாம் திரைவாசிப்பான் இப்போதுதான் வாசித்து முடித்தது. உங்கள் ஆச்சரியம்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. போனில் வழி சொல்லும்போது “வலது பக்கம் திரும்புங்கள்” என்று கையைத் திருப்புகிறீர்களாமே, அதை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் எல்லாக் கையசைவும் தானாக வந்துவிடாது. கும்பிடுவது எனக்குச் சொல்லிக்கொடுத்து வந்தது. நெல்லையப்பர் சந்நிதியில் ஆச்சி என் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துவைத்து, “இப்படி வை, நெஞ்சுக்கு நேராக” என்றாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதை 30 வயதில் அக்காள் மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தூரத்தில் இருப்பதைச் சுட்டுவிரலால் காட்டும் வழக்கம் இன்றும் எனக்கு இல்லை. சத்தம் வரும் பக்கம் உள்ளங்கையைத் திருப்புவேன், அவ்வளவுதான்.

டீச்சரம்மா, நீங்கள் சொன்ன சோதனைக்கு அத்தனை தூரம் போயிருக்க வேண்டாம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் நானும் என் பள்ளித் தோழனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கும் பார்வை கிடையாது. மணிமுத்தாறு அருவிக்குப் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். “மேலே இருந்து தண்ணீர் அப்படியே…” என்று கையை வீசினான் பாருங்கள், என் டம்ளர் பறந்தது. சூடான டீ முழுக்க என் தொடையில். கடைக்காரர் ஓடிவந்து, “யாருக்கு அண்ணாச்சி இப்படிக் கையை வீசிக் காட்டுகிறீர்கள்?” என்று கேட்டார்.

தோழன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அருவிக்கு” என்றான். இரண்டாவது டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.