புதுப்பிப்பு: மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் டிஸ்க்கை மாற்றிவிட்டேன்

முன் பிரேக்கைப் பிடித்தால் பிடி விரலுக்குள் துடிக்கிறது, பெரிய டிஸ்க் போடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். "முதலில் தடிப்பை அளந்து பாருங்கள் தம்பி" என்று எழுதிய அண்ணனுக்கு நன்றி. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு 3.5 மில்லிமீற்றர் என்று பொறித்திருந்தது. மைக்ரோமீற்றர் கருவியால் அளந்தால் ஓரிடத்தில் 3.6, எதிர்ப்புறம் 3.4! வளைவு அல்ல, சீரற்ற தேய்மானம்தான் துடிப்புக்குக் காரணம்.

பெரிய டிஸ்க் ஆசையை விட்டுவிட்டேன். அதற்கு, பட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைத் தள்ளி வைக்கத் தனித் தாங்கி வேண்டும்; உள்ளூரில் வெட்டிய தாங்கியை நம்பி உயிரை வைக்க எனக்கு மனமில்லை. அதே அளவில், வெப்பத்தில் விரிய இடம் கொடுக்கும் மிதக்கும் வகையை வாங்கினேன். துருப்பிடிக்காத உருக்கு என்பது முக்கியம். தினமும் கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுக்குப் போகிறவனுக்கு உப்புக்காற்றின் வேலை தெரியும்.

பிரேக் பட்டைகளையும் புதிதாகவே போட்டேன். பழைய பட்டையில் பழைய டிஸ்க்கின் பள்ளங்கள் அப்படியே பதிந்திருந்தன. முதல் நாள் வெறிச்சோடிய வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முப்பது தடவை மெதுவாகக் குறைத்து, புதுப் பட்டையையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்கினேன். நேற்று ஒரு மாடு குறுக்கே வந்தது. பிடி துடிக்கவில்லை, வண்டி நேராக நின்றது.