ஏடிபி ஏடிபியாக மாறினால்?

நண்பர்களே, செல் சுவாசம் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் அடினோசின் டிரைபாஸ்பேட் (ATP), அது ஒரு பாஸ்பேட்டை இழந்தால் வரும் டைபாஸ்பேட் (ADP) இரண்டையும் சுருக்கித் தமிழில் எழுதினால் இப்படி வருகிறது: 'ஏடிபி நீராற்பகுப்படைந்து ஏடிபி ஆகிறது.' படிப்பவர் என்னைத்தான் திட்டுவார். 'ஆற்றல் நாணயம்' என்பது விளக்கமே ஒழியப் பெயர் இல்லை. வழி சொல்லுங்கள்.

---

டிரைபாஸ்பேட்டுக்கு 'உரவி' என்கிறேன். உரவு என்றால் வலிமை. உரவோர், உரவுநீர் எல்லாம் அந்த வேர்தான். 'உரனென்னும் தோட்டியான்' என்ற குறளில் வரும் உரனுக்குப் பரிமேலழகர் திண்மை என்று உரை சொல்ல, மணக்குடவர் அறிவு என்கிறார். நான் பரிமேலழகர் கட்சி. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். செயலி, உலாவி போல இகர ஈறு. குளோரோபில்லுக்குப் பச்சையம் நிலைக்கவில்லையா?

---

பச்சையத்துக்கு நிறம் துணைநின்றது. உரவி என்றால் மாணவருக்கு உரம்தான் நினைவுக்கு வரும். உரத்திலும் பாஸ்பேட் இருந்து தொலைப்பதால் குழப்பம் கெட்டிப்படும். அப்புறம், ஒரு பாஸ்பேட்டை இழந்த உரவிக்கு என்ன பெயர், 'குறையுரவி'யா? இந்த மூலக்கூறின் கதையே எண்ணிக்கையில்தான் இருக்கிறது. எதிர்மின்சுமை கொண்ட மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாக நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. நீர் சேர்ந்து கடைசியானது பிரிந்தால் கிடைப்பவை முன்னதைவிட நிலையானவை. அதனால்தான் திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஆகவே முப்பாஸ்பேட், இருபாஸ்பேட், ஒருபாஸ்பேட். முப்பால் போல 'முப்', இருபது போல 'இரு'. இதே போலப் பாஸ்பேட் ஏற்கும் குவானோசினுக்கும் இதுவே உதவும். இல்லாவிட்டால் ஜிடிபி (GTP, GDP) என்று எழுதப்போய்ப் பொருளாதாரமும் உள்ளே வந்துவிடும்.

---

அடினோசினை மட்டும் ஏன் விட்டீர்கள்? ஜெர்மன் உயிர்வேதியியலாளர் கோசெல் 1885இல், அடினோசினின் பகுதியான அடினைனைக் கணையத்திலிருந்து பிரித்தார். கிரேக்கத்தில் 'அடேன்' என்றால் சுரப்பி. ஆகவே 'சுரப்பியன்'. பாஸ்பேட்டும் தொல்காப்பியம் சொல்வதுபோல் 'வடவெழுத்து ஒரீஇ' (வடமொழி எழுத்தை நீக்கி) பாசுபேட்டு ஆகட்டும்.

---

தொல்காப்பியர் அங்கே வடசொல்லைப் பற்றிச் சொல்கிறார், பாஸ்பேட் கிரேக்கம். அடினோசின் எல்லா உயிரணுவிலும் இருக்க, சுரப்பி எதற்கு? பிரித்தெடுத்த இடம் பெயராக ஒட்டிக்கொண்ட விபத்தைத் தமிழிலும் நிகழ்த்த வேண்டுமா?

---

சரி, சுருக்கம்? அமுபா, அஇபா, அஒபா?

---

கட்சிப் பெயர்கள் போல இருக்கின்றன.

---

எல்லாருக்கும் நன்றி. 'அடினோசின் முப்பாஸ்பேட்', 'அடினோசின் இருபாஸ்பேட்' என்று முழுதாகவே போட்டு அனுப்பிவிட்டேன். வரி நீண்டாலும் எது எதுவாக மாறுகிறது என்பது தெரிகிறது. சுருக்கத்தைத் தொடவில்லை.

---

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பாசுபேட்டு. உரவி பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.