கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடலாமா?

கேள்வி:
140 சதுர மீட்டர் வீடு. எட்டு ரேடியேட்டர் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்குபவை), 24 கிலோவாட் கேஸ் பாய்லர். வெந்நீரும் அதிலிருந்தே நேராக வருகிறது, தனித் தொட்டி கிடையாது. கடும் குளிரில் வெளியே மைனஸ் 7 டிகிரி வரை இறங்கும். ஒருவர் 12 கிலோவாட் ஹீட் பம்ப் (கரண்டில் ஓடி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இழுக்கும் மெஷின்) போடச் சொல்கிறார். இன்னொருவர், ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்றாமல் நடக்காது என்கிறார். ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) கரண்ட், ஒரு யூனிட் கேஸைப் போல மூன்று மடங்கு விலை. மாறினால் கட்டுப்படியாகுமா?

பதில் 1:
மூன்று மடங்கு என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். பாய்லர் ஒரு யூனிட் கேஸில் 0.9 யூனிட் வெப்பம்தான் தருகிறது. ஆகவே ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்குச் சராசரியாக 2.7 யூனிட் வெப்பம் தந்தாலே செலவு சமம். 3.5 தந்தால் சூடாக்கும் செலவு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம்.

அந்த 3.5 கிடைக்குமா என்பது மெஷினைவிட ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. ஒரு டிகிரி குறைத்தால் சுமார் 2 சதவீதம் கரண்ட் மிச்சம். காசு கொடுக்கும் முன் இதை உங்கள் பாய்லரிலேயே சோதிக்கலாம். நல்ல குளிர்நாளில் ரேடியேட்டர் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்குங்கள் (குழாய் வெந்நீருக்கான திருகு வேறு, அதைத் தொட வேண்டாம்). எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். வீடு 20 டிகிரியில் நின்றால் மறுநாள் 45. ஏதோ ஓர் அறை மட்டும் தணிந்தால் அந்த அறை ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் போதும். ரேடியேட்டரில் எழுதியிருக்கும் வாட் அளவு, தண்ணீர் அறையைவிட 50 டிகிரி அதிகம் என்ற கணக்கில் போட்டது. 45 டிகிரி போய் 40 டிகிரி திரும்பினால் அதில் 35 சதவீதம்தான் வரும். 1,500 வாட் ரேடியேட்டர் ஏறக்குறைய 530.

பதில் 2:
12 கிலோவாட் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதே சோதனை நாளில் கேஸ் மீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். சமையல், குளியல் போக 15 கன மீட்டர் ஓடியிருந்தால் சுமார் 160 யூனிட். 0.9 ஆல் பெருக்கி 24 ஆல் வகுத்தால் 6 கிலோவாட். அன்று உள்ளே 20, வெளியே சராசரி 0 என்றால் வித்தியாசம் 20. மைனஸ் 7-ல் அது 27 ஆகும், தேவை 8 கிலோவாட். மெஷின் பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் வெளியே 7 டிகிரி இருக்கும்போது தருவது. மைனஸ் 7-க்கான வரியைப் பார்த்து வாங்குங்கள்.

பெரிதாகப் போட்டுவைப்போம் என்பது இங்கே தவறு. வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் இந்த வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். 12 கிலோவாட் மெஷினால் பெரும்பாலும் அவ்வளவு கீழே இறங்க முடியாது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், கரண்டும் போகும், ஆயுளும் குறையும்.

குழாயையும் அளந்துவிடுங்கள். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரிதான் வித்தியாசம் என்பதால் 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். பிரதான குழாய் 28 மில்லிமீட்டர் நல்லது. ரேடியேட்டருக்குப் போவது 10 மில்லிமீட்டர் குழாயாக இருந்தால் அதுதான் உண்மையான தலைவலி.

கேள்வி கேட்டவர்:
வெளி யூனிட்டில் பனி உறைந்துவிடும் என்கிறார்களே?

பதில் 1:
உறையத்தான் செய்யும், அதிலும் 0 முதல் 3 டிகிரி ஈர நாட்களில். தகடுகள் வெள்ளையாகிவிடும். அப்போது மெஷின் சில நிமிடம் திசைமாறி ஓடி, வீட்டுத் தண்ணீரின் சூட்டை எடுத்துப் பனியை உருக்கும். சுற்றில் போதிய தண்ணீர் இல்லாவிட்டால் இது பாதியில் நின்றுபோகும். அறைக்கு அறை தானாக மூடும் வால்வு போட்டவர்களுக்கு வரும் கோளாறு இதுதான். உருகிய நீர் நடைபாதைக்கு வந்தால் இரவில் பாறையாகிவிடும். யூனிட்டை ஒரு சாண் உயர்த்தி, கீழே சரளைக் குழி வையுங்கள்.

பதில் 3:
ஹீட் பம்புக்குத் தேவைப்படும் 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சோதனையில் 60 டிகிரிக்குக் கீழே வீடு தாங்கவில்லை என்றால் இந்த வருடம் மாறாதீர்கள். கூரைக்கு வெப்பக் காப்பு போடுவதும் ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும் முதலில். தாங்கிய அளவிலேயே பாய்லரை விட்டுவையுங்கள். அது கண்டன்சிங் வகையாக இருந்து, திரும்பும் தண்ணீர் 54 டிகிரிக்குக் கீழே வந்தால், புகையிலுள்ள நீராவியின் வெப்பமும் கிடைத்து கேஸும் குறையும்.