விபத்து நடந்த வீட்டுக்கு மூன்றாம் மாதமும் உதவி வேண்டும்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தம்பி ஒருவன் சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்ட செய்தி போன வாரம் வந்ததிலிருந்து பலரும் எனக்குத் தனித்தனியாக எழுதுகிறீர்கள். எவ்வளவு அனுப்பலாம், யாருக்கு அனுப்பலாம் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தம்பி இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறான். வீட்டார் கேட்டுக்கொண்டதால் அவன் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் நான் எழுதவில்லை. தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுத வேண்டாம். எங்கள் சின்னண்ணனுக்கும் சாலை விபத்தில் தலையிலும் தொடையிலும் பலத்த அடி பட்டு, வீடே சேர்ந்துதான் அவரை எழுப்பி நடமாட வைத்தோம். அதனால் மனதில் இருப்பதை விரிவாகவே சொல்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கொடுக்க நினைத்ததை எல்லாம் இன்றைக்கே அனுப்பிவிடாதீர்கள். ஒரு பங்கை இப்போது கொடுங்கள். மீதியை மாதாமாதம் கொடுப்பதற்கென்று ஓராண்டுக்குப் பிரித்து வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஆளுக்கும் பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்துவிடும். அறுவைச் சிகிச்சைக் கட்டணம் பெரியதுதான், ஆனால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற செலவு. மருத்துவமனை சீட்டு எழுதிக் கேட்கும், நாலு பேர் சேர்ந்து கட்டிவிடுவோம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு வரும் செலவை யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மாதம் முழுக்க டயப்பர், சிறுநீர்க் குழாய் மாற்ற வரும் நர்ஸ், பிசியோதெரபி, மறுபரிசோதனைக்குப் போய்வர வண்டி. இதற்கு நடுவே சம்பாதித்தவர் படுத்துவிட்டார், பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கடன் தவணையும் அப்படியே நிற்கின்றன. எங்கள் வீட்டில் அண்ணி வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே இவ்வளவு செய்தவர்களிடம் மறுபடி எப்படிக் கேட்பது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நாம் இடம் வைக்கக் கூடாது.

உடம்பு தேறுவதற்கும் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. முறிந்த தொடை எலும்பு ஒன்றுசேர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்ந்தால், நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மேல்கையில் அடிபட்டவருக்கு விரல் நுனியில் உணர்வு திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். தலைக்காயத்தில் முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. இரண்டாம் ஆண்டிலும் தேறுபவர்கள் இருக்கிறார்கள். எனவே ஆறாம் மாதத்தில் "இனி அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டுப் பிசியோதெரபியை நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் கையில் காசு தீர்ந்துபோவதால்தான் நிறுத்துகிறார்கள். நம்முடைய மாதப் பணம் அந்த இடத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

மருத்துவர் "7" என்று ஏதோ எண் சொன்னாராம், அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அது அடிபட்டவருக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவுகோல், 1974-ல் வந்தது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக் குழாய் வைத்திருக்கும்போது அந்த எண்ணே சரியாகத் தெரியாது. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு தம்பியின் எதிர்காலத்தை முடிவுகட்டாதீர்கள். தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்பதும் வேண்டாம்.

பக்கத்தில் இருந்து பார்ப்பவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுந்திருக்க முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். இல்லாவிட்டால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அந்தப் புண்ணில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் ஒரு காலத்தில் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் பெரும்பாலும் இறந்துபோனார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், இரவு பகலாகப் புரட்டிவிடுவதைக் கட்டாயமாக்கி, நோயாளிகளை எழுப்பி உட்காரவைத்து, விளையாடவும் வைத்தார். பாராலிம்பிக் போட்டிகள் அங்கிருந்து தொடங்கியவைதான். புது மாத்திரை எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அத்தனையும் ஆள் கையால் செய்த பராமரிப்பு. அதைத்தான் நாளைக்கு நம் தம்பி வீட்டில் ஒரே ஒருத்தி தூங்காமல் செய்யப் போகிறாள். ஆகவே முதல் மாதப் பணத்தில் இரவுக்கு ஒரு ஆள் வைத்துக்கொடுங்கள் என்பேன். வாரத்தில் இரண்டு இரவாவது அவள் முழுதாகத் தூங்கினால், நோயாளிக்கே அது நல்லது. பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது முறைவைத்து வந்தால் இன்னும் நல்லது.

தலைக்காயத்தில் குடும்பத்தை அதிகம் கலங்கடிப்பது குணமாற்றம். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குச் சட்டென்று கோபம் வரும், கெட்ட வார்த்தை வரும், சற்று முன் நடந்தது மறந்துபோகும், சிலர் எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சின்னண்ணன் பெற்ற பிள்ளைகளையே விரட்டினார். திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. அது திமிரல்ல, காயம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிட்டால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இந்த இரண்டையும் தம்பி வீட்டில் யாராவது பெரியவர் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பணத்தை ஒரே ஒருவர் கையில் வைத்துக் கணக்கெழுத வேண்டும். தம்பியின் மைத்துனர் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியதை நேரடியாக மருத்துவமனைக்கே கட்டுங்கள். ரசீது, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு, காவல்துறையில் கொடுத்த புகாரின் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, படம் எடுத்து இரண்டு பேரிடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இழப்பீடு கேட்கும்போது இவைதான் பேசும். வேலைக்குப் போகாமல் இழந்த வருமானத்தையும், பிசியோதெரபிக்குப் போய்வந்த செலவையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு சமரசம் பேசிக்கொண்டு சீக்கிரமே வரலாம். எவ்வளவு ஊனம் நிற்கும் என்று தெரிவதற்கு முன் "இத்துடன் முடிந்தது" என்று எழுதிய தாளில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அதே சமயம் வழக்குக்குக் காலக்கெடு இருக்கும், எனவே வழக்கறிஞரை இப்போதே பார்த்துவிடுவது நல்லது. நம்மில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஒருவர் பொறுப்பெடுத்தால் அந்த வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

தொலைவில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இங்கே படித்ததையும் கேட்டதையும் வைத்து, வேறு மருத்துவமனைக்கு மாற்று, அந்த மருந்தைக் கேள் என்று ஆளுக்கொன்று சொல்லாதீர்கள். எங்களுக்கு அது பெரும் அலைக்கழிப்பாக இருந்தது. வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றால் ஸ்கேனை வாங்கி, நம் குழுவில் இருக்கும் மருத்துவர் அக்கா மூலம் ஒரே இடத்தில் கேட்போம். அவர் சம்மதித்துவிட்டார்.

இந்த மாதப் பங்கை வெள்ளிக்கிழமைக்குள் மைத்துனரின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். கணக்கு விவரம் கேட்பவர்களுக்குத் தனிமடலில் தருகிறேன். அடுத்து வரும் மாதங்களில் எந்த மாதத்தை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றும் எனக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தை மூன்று நான்கு பேர் சேர்ந்தும் ஏற்கலாம். மூன்றாம் மாதத்தை நானும் எங்கள் அண்ணனும் எடுத்துக்கொள்கிறோம். ஐந்தாம் மாதத்திலிருந்து ஆள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி