மறு: நாஸ், சான், ரெய்டு – கையேட்டுக்கு என்ன சொற்கள் வைப்பது?

வணக்கம்.

தரவைச் சேமிக்கும் கருவிகளின் ஆங்கிலப் பெயர்களுக்குக் கையேட்டில் என்ன தமிழ்ச் சொற்கள் வைப்பது என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். சிறு நிறுவனத்தார் படிக்கப்போகும் கையேடு என்பதால் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் (நாஸ்) = பிணையம் இணை சேமிப்பகம்; ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் (சான்) = சேமிப்பகப் பரப்புப் பிணையம். இப்படி நேராகவே வைத்துவிட்டால் என்ன?

அகராதிக்குப் போதும். பணம் கொடுத்து வாங்கப்போகிறவருக்குப் போதாது. இரண்டிலும் அதே இரண்டு சொற்கள், முன்னும் பின்னுமாக நிற்கின்றன. ஆங்கிலத்திலேயே எழுத்து இடம் மாறிய சுருக்கங்கள் என்பதால் நாஸ் எது, சான் எது என்று பலருக்கும் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தா தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்? போதாக்குறைக்கு, கணக்குவழக்கு பார்க்கிறவர் காதில் 'பிணையம்' என்றால் கடனுக்கு ஈடாக வைத்த சொத்துதான் முதலில் விழும். 'பிணையச் சேமிப்பகம்' என்றதும் அடகுப் பொருள் வைக்கும் அறை என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை.

பெயரின் விரிவை விட்டுவிட்டு, இவை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாஸ் என்பது வட்டுகள் (ஹார்டு டிஸ்க்) மாட்டிய ஒரு பெட்டி. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையை அந்த வட்டுகளில் தானே வைத்துக்கொள்கிறது. கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி அல்லது என்எஃப்எஸ் நெறிமுறை வழியாக, 'கணக்கு' கோப்புறையில் உள்ள மார்ச் மாதப் பட்டியலைக் கொடு என்று ஒரு கணினி கேட்டால், அந்தக் கோப்பைக் கொடுக்கிறது. அதையே வேறொருவர் திறந்து திருத்திக்கொண்டிருந்தால், கோப்பு பூட்டியிருக்கிறது என்று சொல்லவும் அதற்குத் தெரியும். சானுக்குக் கோப்பு என்ற ஒன்றே தெரியாது. இத்தனையாவது தொகுதியை (வட்டில் எண்ணிட்ட சிறு துண்டை) கொடு என்றால் கொடுக்கும், அவ்வளவுதான். கேட்கும் கணினி அதைத் தனக்குள்ளேயே மாட்டிய வட்டு என்று எண்ணிக்கொள்கிறது. அதற்கென்று அமைந்த கோப்பு முறைமை இல்லாமல் இரண்டு கணினிகள் ஒரே தொகுதிப் பரப்பில் எழுதினால் எல்லாம் குழம்பிப் பாழாகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை: நாஸுக்குக் 'கோப்புச் சேமகம்', சானுக்கு 'வட்டு வலையம்'. முதலாவது கோப்பாகத் தருவது, இரண்டாவது வட்டாகத் தருவது. பத்துப் பதினைந்து பேர் விலைப்பட்டியலும் கடிதமும் படங்களும் பகிரும் அலுவலகத்துக்குக் கோப்புதான் தேவை, வட்டு தேவையில்லை என்பது பெயரைப் படித்ததுமே பிடிபட வேண்டும். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை ஓட்டுகிறவர், பெரிய தரவுத்தளம் வைத்திருப்பவர் ஆகியோர்தான் இரண்டாவதன் பக்கம் போக வேண்டும். இன்றைய நாஸ் பெட்டிகள் பலவற்றில் ஐஸ்கஸி என்ற நெறிமுறை வழியாக, வட்டாகத் தரும் அந்த வசதியும் சேர்ந்தே வருகிறது, அதனால் இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே வரும். அப்போது மயக்கம் கூடாது.

> 'கோப்புப் பெட்டகம்' இன்னும் அழகாக இல்லையா? பெட்டி என்ற உருவமும் வந்துவிடுகிறது.

அழகுதான், ஐயா. அந்த அழகுதான் எனக்குப் பயம். பெட்டகம் என்றால் நகை வைக்கும் இடம், உள்ளே போட்டால் பத்திரம். இந்தப் பெட்டியை வாங்குகிறவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தவறான நம்பிக்கையும் அதுவேதான்: நாலு வட்டு போட்டாயிற்று, இனிக் காப்புநகல் (பேக்கப்) எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் எல்லா வட்டிலும் அது அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) ஒரு கணினிக்குள் புகுந்தால், அந்தக் கணினிக்கு எழுதும் உரிமை உள்ள பகிர்வுகளையெல்லாம் பூட்டிவிடும். தீ, திருட்டு வேறு. இத்தனையும் நடக்கக்கூடிய ஒன்றுக்குப் பெட்டகம் என்று பெயர் வைப்பது வாங்குகிறவருக்கு நாமே பொய் வாக்குக் கொடுப்பது போல ஆகிவிடும். சேமகத்திலும் 'சேமம்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சேமிப்பு என்பது பழகிப் பழகி வெறும் 'வைத்தல்' ஆகிவிட்டது. பெட்டகம் இன்னும் அப்படித் தேயவில்லை.

அடுத்து ரெய்டு, அதாவது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. இதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம் என்று இங்கே சிலர் சொன்னார்கள். வியாபாரம் செய்கிறவரிடம் போய் 'உங்கள் அலுவலகத்தில் ரெய்டு உண்டா' என்று கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று. பேட்டர்சன், கிப்சன், காட்சு ஆகிய மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையில் அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் (RAID) மூன்றாம் எழுத்தான I, 'மலிவான' என்பதைக் குறித்தது. பிறகு துறையினர் அதைத் 'தனித்த' என்று மாற்றிக்கொண்டார்கள். விரிவே நிலையாக இல்லாத சுருக்கத்தை நாம் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். 'வட்டணி' போதும். அணி என்பது வரிசைக்கும் ஆகும், சேர்ந்து ஆடுகிறவர்களுக்கும் ஆகும். வட்டணி 1, வட்டணி 5, வட்டணி 6 என்று வகை எண்ணோடு சொல்லலாம்.

ஒரு வட்டு செத்தால் அதில் இருந்ததைத் திரும்பக் கணக்கிடக் கூடுதலாக எழுதிவைப்பது பாரிட்டி. அதற்குச் 'சமநிலை' என்று வந்திருக்கிறது. எனக்கு 'ஈடு' பிடித்திருக்கிறது. மூன்று வட்டுகளில் 1, 0, 1 என்று இருக்கிறது என்று வையுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வரும்படி நாலாவது வட்டில் ஒரு பிட் எழுத வேண்டும்: 0. இரண்டாவது வட்டு செத்துவிட்டால் மிஞ்சுவது 1, 1, 0. இரட்டைப்படை கெடாமல் இருக்க அங்கே 0-தான் இருந்திருக்க வேண்டும். இழந்ததை ஈடுகட்டுவது, அதனால் ஈடு. 'வட்டணி 5-இல் ஒரு வட்டளவு இடம் ஈட்டுக்குப் போகும், 6-இல் இரண்டு வட்டளவு போகும்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். நான்கு டெராபைட் வட்டு நான்கு போட்டால் முதலதில் 12, அடுத்ததில் 8 டெராபைட் மிஞ்சும். (விண்டோஸ் அதிலும் குறைத்துத்தான் காட்டும், 4 என்பது 3.6 ஆகும். அது ஆயிரத்துக்கும் 1024-க்கும் உள்ள வேறுபாடு. கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விற்றவரோடு சண்டை வரும்.) கணிதத்தில் ஒற்றை இரட்டையைக் குறிக்கும் பாரிட்டிக்கு வேறு சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹாட் ஸ்வாப்புக்கு 'சூடான மாற்றம்' வேண்டவே வேண்டாம். 'ஓட்டத்தில் மாற்றல்'. பெட்டியை அணைக்காமல் வட்டை உருவி வேறொன்று செருகுவது, அப்புறம் அதில் ஒன்றும் இல்லை.

இந்தப் பட்டியலில் யாரும் எடுக்காத ஒன்று எஸ்எம்ஆர் என்ற வட்டு வகை. வட்டு வாங்கும்போது இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கூரையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று படிவதைப் போல இதில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால் கொள்ளளவு கூடும். ஆனால் ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வட்டணியில் செத்த வட்டுக்குப் பதிலாக இதைப் போட்டு மீட்டமைக்கும்போது வேகம் படுத்துவிடும். சில வேளை வட்டு பதில் சொல்லவில்லை என்று அணியே அதை வெளியே தள்ளிவிடும். ஆங்கிலப் பெயரும் ஓடு வேய்வதிலிருந்துதான் வந்தது, நம்மிடம் அதற்கு நல்ல வினை இருக்கிறது. 'வேய்தட வட்டு' என்று வைக்கலாம். 'கோப்புச் சேமகத்துக்கு வேய்தட வட்டு வாங்காதீர்கள்' என்று கையேட்டில் தடித்த எழுத்திலேயே போடலாம்.

> ஸ்னாப்ஷாட் = நொடிப்படம்?

படம் என்றால் நிழற்படம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'நகல்' என்றும் வைக்கக் கூடாது. அது முழு நகல் இல்லை, மாறாத தொகுதிகளை அப்படியே சுட்டிக்கொண்டு, அன்றைய நிலையைக் கலையாமல் வைத்திருப்பது. அழித்த கோப்பை மீட்க இதைவிட வசதி இல்லை. ஆனால் வட்டணி போனால் அதுவும் சேர்ந்து போகும். காப்புநகலிலிருந்து பெயரிலேயே விலகி நிற்க வேண்டும். 'கணநிலை' என்று எழுதிப் பார்த்தேன், வாசித்தால் கணினியின் நிலை மாதிரி ஒலிக்கிறது. 'நிலைக்குறி' தோன்றியது, அது புத்தகக்குறி போல இருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. யாருக்காவது சொல் கிடைத்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், மற்றவற்றைக் கையேட்டு வரைவில் ஏற்றிவிடலாம்.